தூரத்தில் நிற்பவர் முதலில் எறியவேண்டும்

1

போன திங்கட்கிழமையோடு ஒரு வருடமாகிறது, நான் மரங்களுக்கு நடுவே தட்டு எறியத் தொடங்கி. எனக்கு அறுபத்திரண்டு வயது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அதன் பிறகு நான் விளையாட்டு என்று எதையும் விளையாடியதாக ஞாபகம் இல்லை. ஆனபடியால் இதை வாசித்துவிட்டு யாரும் சிரித்தால் கோபம் வராது. நானும் சிரித்திருக்கிறேன்.

நாங்கள் இருப்பது இத்தாலிக்குத் தெற்கே உள்ள பெரிய தீவில், பலெர்மோ என்ற பட்டினத்தில். பல்லரோ சந்தைக்குப் பின்னால் இரண்டு அறை. நானும் என் இளைய மகன் குகனும். அவன் வியா மக்வேதா என்ற தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் கோப்பை கழுவுகிறான். நான் லிபெர்த்தா என்ற பணக்காரத் தெருவில் ஒரு சிஞ்ஞோராவின் வீட்டில் துடைத்து, தோய்த்து, இஸ்திரிப் பெட்டியால் உடுப்பு மினுக்குகிறேன். சிஞ்ஞோரா என்றால் அம்மா என்பது மாதிரி ஒரு மரியாதைச் சொல்; எனக்கு அவ வீட்டு எசமானி. அவவுக்கும் வயது போய்விட்டது, தனியாள்.

போன வருடம் தை மாதத்திலிருந்து குகன் வீட்டில் கதைப்பது குறைந்தது. கேட்டதற்கு மட்டும் பதில். பிறகு அதுவும் இல்லை. பாஸ்போர்ட்டுகளை நான் பெட்டியின் அடியில் சேலைக்குள் சுற்றி வைப்பேன். ஒருநாள் பார்த்தால் என்னுடையது மட்டும் கிடந்தது.

அதற்கு இங்கே ஒரு அர்த்தம்தான் உண்டு. ஏஜென்சிக்காரன் வாங்கிவிட்டான். லொறிக்குள் ஒளித்து லண்டன் கொண்டுபோவார்கள். போய்ச் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடிப் பிள்ளை அப்போது ஏறிப் போய்ப் பதினாலு மாதம், ஒரு தகவலும் இல்லை. அவனுடைய தாய் யாழ்ப்பாணத்தில் இன்னும் விசாரித்துக் கடிதம் போடுகிறாள். அவனோடு இருந்த பெடியள் அந்தக் கடிதங்களை என்னிடம்தான் கொண்டுவந்து காட்டுவார்கள்.

நான் குகனிடம் கேட்கவில்லை. கேட்கத் தெரியாது. அவனுடைய தகப்பனிடமும் நான் ஒன்றையும் நேரே கேட்டதில்லை. கேட்க நினைத்ததைச் சமைத்துக்கொண்டே மறந்துவிடுவேன்.

2

இங்கே சைவக்காரர்களாகிய நாங்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் மலை ஏறி சாந்தா ரொசாலியாவைக் கும்பிடப் போவோம். அவ இந்தப் பட்டினத்தின் காவல். காவல் என்றால் எங்களுக்குப் போதும், பேர் எதுவாக இருந்தால் என்ன. அந்த ஞாயிறு பக்கத்து வீட்டுப் பரமேசோடு போனேன். அவள் கதைத்துக்கொண்டே வேகமாக நடப்பாள். எனக்கு முழங்கால் ஏலாது.

மலையடிவாரத்தில் ஒரு பெரிய பூங்கா, ஃபவோரித்தா என்பார்கள். பூங்கா என்றால் பூ வரிசையாக நட்ட இடம் இல்லை. காடு. ஒரு அவசரத்துக்கு ஒதுங்கவேண்டி வந்தது.

"பரமேஸ், நீ நடந்துகொண்டிரு. நான் பின்னாலை வாறன்."

"ஒதுங்க இவ்வளவு தூரமே போகவேணும் அக்கா? இஞ்சை ஆர் உங்களைப் பார்க்கப் போகினம், மலையே?"

வெட்கத்தில் நான் தேவைக்கு மிஞ்சித் தூரம் போய்விட்டேன். திரும்பும்போது வழி தவறியது. கறுப்பு நெத்துக் காய்த்த ஒரு பெரிய மரம். அதன் கீழே அந்த இரும்பு நின்றது.

ஆளுயரத்துக்கு ஒரு கம்பு, நிலத்தில் இறுக்கி நட்டிருந்தது. உச்சியில் ஒரு வளையம். வளையத்தைச் சுற்றிச் சங்கிலிகள் இடுப்பளவுக்குத் தொங்கின. அவற்றின் கீழே பூப் போடுகிற தட்டம் மாதிரி ஒரு இரும்புக் கூடை. காற்று வந்தது. சங்கிலி எல்லாம் ஒன்றோடு ஒன்று பட்டு மெல்லச் சத்தம் போட்டது. வேறு ஒரு சத்தமும் இல்லை. எனக்கு உடம்பு புல்லரித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் அதை வைரவர் என்றுதான் நினைத்தேன். ஊரில் மரத்தின் கீழே சூலம் நட்டிருப்பார்களே, அப்படி எங்கள் பெடியள் யாரோ அதிகாரிகளுக்குத் தெரியாமல் இந்தக் காட்டுக்குள் வைரவருக்கு ஒரு இடம் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

சப்பாத்தைக் கழற்றினேன். கூடைக்குள் காய்ந்த இலையும் ஒரு பிஸ்கற் பேப்பரும் கிடந்தன. இந்தப் பிள்ளைகளுக்குத் துப்புரவு தெரியாது என்று துடைத்துவிட்டு, பக்கத்தில் பூத்திருந்த மஞ்சள் பூவைப் பிடுங்கி வைத்தேன். ஒரு நூறு லீரா நாணயத்தை, முகம் துடைக்கிற என் லேஞ்சியில் முடிந்து சங்கிலியில் கட்டினேன். "இவன் அந்த லொறியில் ஏறக்கூடாது அப்பனே, நீதான் வழியில் நிற்கவேணும்" என்று நேர்ந்தேன்.

3

அடுத்த நாள் திங்கள். குகனுடைய கடை திங்கட்கிழமை பூட்டு. அன்றைக்கு அவன் எங்கே போகிறான் என்று எனக்குத் தெரியாது. ஏஜென்சிக்காரனிடம் என்று நினைத்துக்கொள்வேன். பொழுதுபட வந்தவன் ஒரு லேஞ்சியை மேசையில் வைத்தான்.

"அம்மா, இது உங்கடைதானே?"

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை.

"லேஞ்சிக்கு நீல நூலாலை ஓரம் அடிக்கிற ஆள் பலெர்மோவிலை வேறை ஆரும் இல்லை."

"ஓம்."

"ஏன் அதிலை கொண்டுபோய்க் கட்டினனீங்கள்?"

"வைரவருக்கு."

அவன் என்னைப் பார்த்தபடி கதிரையில் இருந்தான். பிறகு சிரித்தான். நாலு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்கிறேன்.

"அம்மா, அது வைரவர் இல்லை. நாங்கள் விளையாடுற கூடை. என்ரை கூட்டாளி நீனோ தன்ரை தகப்பன்ரை பட்டறையிலை வெல்டிங் செய்தது. இதைப்போல ஒன்பது இருக்கு. தட்டை எறிஞ்சு அந்தச் சங்கிலியிலை பட வைக்கவேணும்."

"என்ன தட்டு?"

"பிளாஸ்டிக் தட்டு."

"ஒன்பது வைரவரே?" என்று கேட்டேன். அவன் மேசையில் தலையை வைத்துச் சிரித்தான்.

"பூ வைச்சதும் நீங்களே? நாங்கள் ஆறாம் கூடையை விட்டிட்டுத்தான் விளையாடினாங்கள். நீனோ பூவை எடுக்கவிடேல்லை. இஞ்சை ரோட்டிலை ஆரும் செத்த இடத்திலைதானே பூ வைக்கிறவை. பாவம், அவன் தொப்பியைக் கழட்டிச் சிலுவையும் போட்டவன்."

எனக்குக் காது சுட்டது. குகன் நாணயத்தை அவிழ்த்து என் கையில் வைத்தான்.

"என்ன நேர்த்தி வைச்சனீங்கள்?"

"நேர்த்தியை வெளியிலை சொல்லக்கூடாது."

அவன் சிரிப்பு நின்றது. லேஞ்சியை நாலாக மடித்தான். "அடுத்த திங்கள் வாங்கோ. நீனோ உங்களைப் பார்க்கவேணுமாம்" என்றான்.

4

எனக்கு ஓய்வு வியாழன் பின்னேரமும் ஞாயிறும். ஆறு வருடத்தில் சிஞ்ஞோராவிடம் ஒரு மணித்தியாலம் கூடக் கேட்டதில்லை. திங்கள் பின்னேரம் வேண்டும், வியாழன் வேலை செய்கிறேன் என்று சொல்ல மூன்று நாள் இத்தாலியனில் பாடமாக்கினேன். அவ ஒரு கேள்வி கேட்டதும் பாடமாக்கினது எல்லாம் போய்விட்டது.

"ஏன்? குவெஸ்தூராவா?"

வெளிநாட்டுக்காரருக்கு விசா அலுவல் பார்க்கிற பொலிஸ் கந்தோரின் பெயர் அது. எங்களில் யாரும் ஓய்வு கேட்டால் அதற்குத்தான். தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். பொய் சொல்ல வரவில்லை.

"விளையாட."

அவ கண்ணாடியைக் கழற்றினா. "யார் விளையாட?"

"நான்."

கண்ணாடியைத் திரும்பப் போட்டா. "போ. கழுத்தில் எதையாவது சுற்றிக்கொண்டு போ, அங்கே காற்று" என்றா.

5

சேலைக்கு மேலே ஸ்வெட்டர், காலில் குகனுடைய பழைய விளையாட்டுச் சப்பாத்து. நீனோ கட்டையான ஆள், குகனின் வயது. என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினான். நான் நிலத்தைப் பார்த்தேன். அவனுக்கும் என்ன கதைப்பதென்று தெரியவில்லை. ஒரு சிவப்புத் தட்டை நீட்டினான்.

விளம்பினால் சோறு சிந்தும் போலத் தட்டையான தட்டு. ஓரம் மட்டும் தடிப்பு. முதலில் நீனோ எறிந்தான்.

அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. தட்டு மரங்களுக்குள் நேரே போனது. ஒரு பைன் மரத்தில் மோதப் போகிறது என்று நான் கண்ணைச் சுருக்கினேன். மோதவில்லை. மரத்துக்கு முன்னால் வந்ததும் அது தன் பாட்டில் சரிந்து, இடப்பக்கம் வளைந்து, மரத்தைச் சுற்றிக்கொண்டு போனது. ஆள் இல்லாமல், கயிறு இல்லாமல். இலைகளுக்கிடையே வெயில் விழுந்த இடங்களில் தெரிந்தது, நிழலில் மறைந்தது, பிறகும் தெரிந்தது. கடைசியில் அவசரமில்லாமல் கீழே இறங்கிப் படுத்தது. நான் வாயைத் திறந்தபடி நின்றிருக்கிறேன். கொக்கு வயலில் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன், பிளேன் இறங்குவதை உள்ளே இருந்தே பார்த்திருக்கிறேன். ஒரு மனிதன் கையால் விட்ட பொருள் இப்படி யோசித்து யோசித்துப் போவதை அன்றைக்குத்தான் கண்டேன்.

என்னுடையது என் காலடியிலேயே விழுந்து காலில் பட்டது. குனிந்து எடுத்துக் கண்ணில் ஒற்றினேன். சாப்பாட்டுத் தட்டு காலில் பட்டால் செய்வோம்தானே, கை தானாகச் செய்தது. நீனோ அதைக் கவனமாகப் பார்த்தான். அடுத்த முறை எறிய முன் அவனும் தன் தட்டைக் கண்ணில் ஒற்றினான். அது சங்கிலியில் போய் விழுந்தது. அன்றைக்குத் தொடங்கியவன் இன்றுவரை விடவில்லை.

"மெதுவாக, சிஞ்ஞோரா, மெதுவாக" என்பான் என்னிடம். "மரத்தைப் பார்க்காதே. மரங்களுக்கு நடுவில் உள்ள இடத்தைப் பார்."

முதல் கூடைக்கு நான் பதினாலு முறை எறிந்தேன். இருவரும் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. அந்த விளையாட்டில் ஒரு சட்டம் உண்டு. யாருடைய தட்டு கூடைக்கு அதிக தூரத்தில் கிடக்கிறதோ அவர்தான் அடுத்து எறியவேண்டும். அவர் எறிந்து முடியும்வரை மற்றவர்கள் அவருக்குப் பின்னால் நிற்கவேண்டும். முன்னே போகக்கூடாது, கதைக்கக்கூடாது. நான்தான் எப்போதும் தூரம். ஆகவே எப்போதும் என் முறை. பஸ்ஸில், கியூவில், சந்தையில், என் வீட்டில்கூட, நான் பின்னால் நிற்கிற ஆள். அந்தக் காட்டுக்குள் இரண்டு வளர்ந்த ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு எனக்காகச் சத்தமில்லாமல் நின்றார்கள்.

ஆறாம் கூடைக்கு வந்தோம். அந்த நெத்து மரத்தடி. குகனுடைய தட்டு பாதி வழியில் கிடந்தது, என்னுடையது வெகு பின்னால். நான் தட்டைக் கையில் எடுத்தேன். எறியவில்லை.

இரண்டு பேரும் பின்னால் மௌனமாக நிற்கிறார்கள். இப்படி ஒரு மௌனம் எனக்கு இனி எங்கே கிடைக்கும் என்று தோன்றியது. திரும்பிப் பார்க்காமல், கூடையைப் பார்த்தபடி சொன்னேன்.

"பெட்டிக்குள்ளை உன்ரை பாஸ்போர்ட் இல்லை."

எறிந்தேன். நாலு முழம் போனது. இன்னும் நான்தான் தூரம்.

"மூண்டாம் மாடிப் பெடியன்ரை தாய்க்கு இனி என்ன எழுதுறதெண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை."

எறிந்தேன். ஒரு வேரில் பட்டு நின்றது.

"நான் உன்னைக் கேக்கேல்லை. கேட்டால் நீ பொய் சொல்லவேண்டி வரும் எண்டு கேக்கேல்லை."

மூன்றாவது எறிக்குப் பிறகும் என் முறைதான். ஆனால் சொல்ல ஒன்றும் மிச்சம் இல்லை. நீனோ சொன்னது போல மரத்தைப் பார்க்காமல் நடுவில் இருந்த இடத்தைப் பார்த்து விட்டேன். தட்டு என் கையை விட்டு எழும்பியது. நிமிர்ந்து, மிதந்து, குகனுடைய தட்டுக்கு மேலாலே போய், கூடைக்குக் கிட்ட இறங்கியது. என் கை அதைச் செய்ததா என்று கையைப் பார்த்தேன்.

"குகன், உன் முறை" என்றான் நீனோ மெதுவாக. அவனுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் தொப்பி கையில் இருந்தது.

குகன் போய்த் தன் தட்டடியில் நின்றான். நான் அவனுக்குப் பின்னால் நின்றேன். வாய் திறக்கவில்லை. சட்டம் எனக்கும்தான்.

"புதன்கிழமை விடிய லொறி" என்றான். "பாஸ்போர்ட்டை ஏஜென்சிக்கு நான் இன்னும் குடுக்கேல்லை. என்னட்டை இருந்தால் குடுத்திடுவன் எண்டு பயமா இருந்தது. நீனோவிட்டைக் குடுத்து வைச்சிருக்கிறன்."

எறியாமல் தட்டைக் கையில் சுழற்றிக்கொண்டு நின்றான்.

"பெர்மெஸ்ஸோ விசா முடியுது. அதைப் புதுப்பிக்கக் கடைக்காரன் வேலைக் கடிதம் தாறானில்லை. நீனோவின்ரை தகப்பன் பட்டறையிலை எடுக்கிறன், கடிதம் எழுதித் தாறன் எண்டு எப்பவோ சொல்லிப்போட்டார். நான்தான் ஓமெண்டு சொல்லேல்லை."

"ஏன்?" என்று கேட்டுவிட்டேன். சட்டத்தை மீறியது நான்தான்.

"ஓமெண்டால் இஞ்சைதான். வயது போனால் ஒரு சிஞ்ஞோராவின்ரை நாயைக் கூட்டிக்கொண்டு திரியிறதுதான்."

"சிஞ்ஞோராவிட்டை நாய் இல்லை" என்றேன்.

அவன் எறிந்தான். தட்டு மரத்தில் மோதி எங்களுக்குப் பின்னால் வந்து விழுந்தது.

6

ஒன்பதாம் கூடை முடிந்து நீனோவின் காரடிக்கு வந்தோம். குகன் அவனிடம் பாஸ்போர்ட்டைக் கேட்டான். நீனோ மாட்டேன் என்று தலையாட்டினான்.

"நீ அழுதாலும் தரவேண்டாம் என்று நீதான் சொன்னாய்."

"இப்ப தரச் சொல்லி நான்தான் சொல்லுறன்."

"அழுகிற ஆளும் அதைத்தான் சொல்வான்."

இரண்டு பேரும் காரின் இரண்டு பக்கமும் நின்றார்கள். பிறகு நீனோ என்னிடம் திரும்பினான். "சிஞ்ஞோரா, நீங்கள் சொன்னால் கொடுக்கிறேன். வேண்டாம் என்றால், அது என் வீட்டில் என் அம்மாவின் அலுமாரிக்குள் இருக்கும்."

வைரவர் வழியில் நின்றுவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். வேண்டாம் என்று ஒரு தலையாட்டல் போதும், புதன்கிழமை போய்விடும். என் பிள்ளை உயிரோடு இருப்பான். அடுத்த லொறிக்கும் இன்னொரு அலுமாரி வேண்டும். அதற்கடுத்ததற்கும். அவனுக்கு இருபத்தாறு வயது. நான் அவனைப் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையில் இருந்த தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"குடு" என்றேன் தமிழில், குகனைக் கையால் காட்டி.

ஏன் சொன்னேன் என்று பரமேஸ் இன்றைக்கும் என்னை ஏசுவாள். பூட்டி வைத்ததால் இருக்கிறவனை எப்படி 'இருக்கிறான்' என்று சொல்வது, அவ்வளவுதான் எனக்குப்பட்டது.

நீனோ காருக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்ததைக் குகன் ஷேர்ட் பையில் வைத்தான். பஸ்ஸில் பல்லரோ வரும்வரை அந்தப் பையைப் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

7

செவ்வாய்க்கிழமை அவன் வேலைக்குப் போய் வந்தான். சாப்பிட்டான். படுத்தான்.

புதன்கிழமை காலையில் எழும்பிப் பார்த்தேன். கட்டில் வெறுமை. போர்வை மடித்திருந்தது. அவன் போர்வை மடிக்கிற பிள்ளை இல்லை. ஷேர்ட்டும் இல்லை, சப்பாத்தும் இல்லை.

நான் சத்தம் போடவில்லை. பரமேசின் கதவையும் தட்டவில்லை. முகம் கழுவிச் சேலை உடுத்துப் பஸ் ஏறி வேலைக்குப் போனேன். வேறு எங்கே போவது? சிஞ்ஞோரா ஏதோ சொன்னா, ஓம் என்றேன். மினுக்குவதற்கு ஒரு கூடை உடுப்பு. ஒரு தலையணை உறையை மூன்று தரம் மினுக்கியிருக்கிறேன். லொறியின் உள்ளே காற்று வருமா, எதையாவது விரித்திருப்பார்களா, நான் கட்டிக் கொடுக்காமல் அவன் எதைச் சாப்பிட்டிருப்பான் என்று அதே நினைப்பு. "குடு" என்ற சொல்லை என் வாய்க்குள்ளே திருப்பித் திருப்பிக் கேட்டேன். அது இரண்டு எழுத்துத்தான்.

மத்தியானம் வாசல் மணி அடித்தது. சிஞ்ஞோராதான் போய்த் திறந்தா. இத்தாலியனில் ஒரு ஆண் குரல்.

"புவோன் ஜோர்னோ, சிஞ்ஞோரா. இங்கே வேலை செய்கிற அம்மாவின் மகன் நான்."

ஆறு வருடத்தில் அவன் ஒருநாளும் அந்தத் தெருவுக்கு வந்ததில்லை. தாய் எங்கே வேலை செய்கிறாள் என்று கூட்டாளிகள் கேட்டால், "லிபெர்த்தாப் பக்கம்" என்று மட்டும் சொல்லுவான் என்று பரமேஸ் சொல்லியிருக்கிறாள்.

மினுக்குப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனேன். அவன் வாசற்படிக்கு வெளியே நின்றான். கண் சிவந்து, ஷேர்ட் கசங்கி. கையில், பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கக் கொடுத்ததற்குக் குவெஸ்தூராவில் முத்திரை குத்திக் கொடுத்த துண்டு.

"விடிய மூண்டு மணிக்கே கியூவிலை நிண்டனான். பிந்தினால் நம்பர் தரமாட்டாங்கள்" என்றான். "நீனோவின்ரை தகப்பன் நேற்றுக் கடிதம் எழுதித் தந்தவர். உங்களை எழுப்பிச் சொல்ல நினைச்சனான். நித்திரை எண்டு விட்டிட்டன்."

"நான் நித்திரை கொள்ளேல்லை" என்றேன். "நீ எழும்பினது மட்டும் எப்பிடியோ தெரியேல்லை."

துண்டை வாங்கிப் பார்த்தேன். இத்தாலியன் எழுத்து எனக்கு ஓடாது. அவனுடைய பெயரை மட்டும் எழுத்து எழுத்தாகத் தடவினேன். ஒன்றும் குறையவில்லை.

சிஞ்ஞோரா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தா. "இவனும் உன்னைப் போலத்தான்" என்றா. "வாசலிலேயே நிற்கிறான். உள்ளே வரச் சொல்லு."

"வா" என்றேன்.

சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்தான்.